சிட்னி ஸ்டோரியின் கீர்த்தி
நியூ ஆர்லியன்ஸ் நகரெங்கும் பரவிக் கிடந்த விபசாரத்தைச் சில வீதிகளுக்குள் அடக்கிவிட வேண்டுமென்ற சத்சங்கற்பத்தோடு 1897-இல் சட்டம் வகுத்த நகரசபை அங்கத்தினர் சிட்னி ஸ்டோரி என்ற கண்ணியவானுக்கு, நன்றி மறவாத ஊர் ஜனங்கள் அளித்த வெகுமதி, அந்தப் பேட்டைக்கே ‘ஸ்டோரிவில்’ என்று அவருடைய திருநாமத்தைச் சூட்டியதுதான். சத்திரம் கட்டினவர்களுக்குக்கூட வாய்க்காத கீர்த்தி! ஜெல்லி ரோல் மார்ட்டன் போன்ற வித்வான்கள் அங்கே இரவெல்லாம் பியானோ வாசித்தார்கள். வந்தவர்களில் எத்தனை பேர் சங்கீதத்துக்காக வந்தார்கள் என்று கேட்பது அநாகரிகம். மாலுமிகளின் ஒழுக்கத்தைப் பற்றி 1917-இல் திடீரென்று கவலை கொண்ட கடற்படை இலாகா, பேட்டையை மூடுவித்தது. பெயர் விஷயத்தில் அவ்வூருக்குத் தனிக் கைராசி உண்டு போலும்: பிரெஞ்சு ராஜவம்சத்தின் பெயரைத் தாங்கிய போர்பன் வீதியில், அது விஸ்கியின் பெயரென்றே பக்தியோடு நம்பும் யாத்திரிகர்கள், வீதியில் கண்ணாடிக் கோப்பை கூடாதென்ற சட்டத்துக்குப் பணிந்து, பிளாஸ்டிக் குவளை ஏந்தி நள்ளிரவில் பிரதட்சிணம் செய்கிறார்கள்.