லீவு விட்டாச்சு!

பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. அம்மாவுக்கு எப்போது லீவு?
– வாசகி, வில்லியனூர்

பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு! அதுவும் பிள்ளை சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுத் திரும்பி வரும் வரைதான்.

நுங்குக்கு ஏன் மூன்று கண் என்கிறான் பேரன். என்ன சொல்ல?
– தாத்தா, பாகூர்

உனக்கொன்று, தங்கச்சிக்கொன்று, தாத்தாவுக்கொன்று என்று சொல்லுங்கள். தோண்டிய காய்கள் இரண்டை எறிந்துவிடாதீர்கள். நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கொம்பு. பெட்ரோல் கேட்காத வண்டி தயார்!

என் பையனுக்குப் படிப்பே ஏறவில்லை. பாகூர் மண்ணின் ராசியோ?

மண்ணைப் பழிக்காதீர்கள். 9ஆம் நூற்றாண்டிலேயே, பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை மானியமாகக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. கோடை லீவு விட்டார்களா என்பது பற்றித்தான் அது மூச்சு விடவில்லை.

தேர்த் திருவிழாவில் பிள்ளை தோளைவிட்டு இறங்க மறுக்கிறதே?
– அப்பா, வில்லியனூர்

உங்கள் ஊர்த் திருக்காமீசுவரர் தேருக்குப் பிரெஞ்சுக்காரர் காலம் தொட்டுக் கவர்னர் வந்து வடம் பிடிக்கிறார். உங்கள் வீட்டுச் சாமிக்குத் தேரும் நீங்கள்தான், சக்கரமும் நீங்கள்தான்!

வெயில் தாங்காமல் ஏரிக்கு ஓடுகிறார்கள். விடலாமா?

நீங்களும் கூட ஓடுவதென்றால் விடலாம். கோடையில் ஏரித் தண்ணீர் வற்றும். மண் எடுத்த பள்ளம் வற்றாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் குழந்தையைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.