ஓசூரின் இசைச் சாவடி

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் சுயாதீன இசை ரசிகரைக் கண்டுபிடிப்பது சுலபம். கம்பெனி பஸ்ஸில் டிரைவர் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாரபட்சமில்லாமல் சினிமாப் பாட்டைப் போட்டுவிட, பஸ்ஸே தலையாட்டும்போது, பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகம் சுளித்தபடி உட்கார்ந்திருப்பவர்தான் அவர். ஆல்பங்களைப் பற்றி அவரிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டியதில்லை, தானாகவே வரும். வந்தவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரியும்: அவர் பாட்டை எடைபோடுவதே இல்லை, பாடியவர் எந்தப் பக்கம் போனார் என்றுதான் பார்க்கிறார். மாநில எல்லையில் இருந்த ஜூஜூவாடிச் சோதனைச்சாவடியின் வேலை அது. ஜி.எஸ்.டி. வந்து 2017இல் வணிகவரிச் சாவடிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். இவருடைய சாவடி மட்டும் மூன்று ஷிப்டும் நடக்கிறது.

அவருடைய பதிவேட்டைப் புரட்டுவோம். மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ரா 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தமிழ் ராப்பின் பொற்காலம். அந்தப் பொற்காலம் மறு வருடமே முடிந்துபோனது. யோகி பி 'பொல்லாதவன்' படத்தில் பாடிவிட்டார். ஹிப்ஹாப் தமிழாவின் 2012 ஆல்பம் முதலில் "நல்ல முயற்சி". 2015இல் அவர்கள் இசையமைத்த 'ஆம்பள' படம் வந்த பிறகு அதே ஆல்பம் "எனக்கு அப்பவே டவுட்டு". பெங்களூருவின் ரகு தீட்சித் 2008இல் தம் முதல் ஆல்பத்தில் சிசுநாள ஷரீஃபின் கன்னடப் பாடல்களைப் பாடியது சாதனை. 2010இல் 'ஜஸ்ட் மாத் மாதல்லி' படத்துக்கு இசையமைத்தது சறுக்கல். கேரளத்தின் அவியல் குழு கிட்டத்தட்ட தெய்வம். அவர்கள் பாட்டு 2011இல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் வந்ததே என்று ஞாபகப்படுத்தினால், ஹெட்போன் காதுக்குத் திரும்பிவிடும். இத்தனையிலும் பதிவான ஆல்பத்தில் ஒரு தாளம்கூட மாறவில்லை. மாறியதெல்லாம் தீர்ப்புதான்.

"சினிமாவுக்குப் போனால் பாட்டின் குணமே மாறிவிடாதா?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான். அங்கே பாட்டுக்குக் காட்சி எஜமான், காட்சிக்கு ஹீரோ எஜமான். இடஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் மேடையேற்றிப் பாடிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் போன்ற குழுவை எந்தக் காட்சிக்குள்ளும் அடைக்க முடியாது. ஆனால் 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய அந்தக் குழுவை இசையமைப்பாளர் டென்மாவோடு சேர்ந்து உருவாக்கியவர் பா. இரஞ்சித், 'கபாலி' எடுத்த சினிமா இயக்குநர். சாவடியின் சட்டப்படி பார்த்தால் அந்த வண்டி கிளம்பியதே தடைசெய்யப்பட்ட பக்கத்திலிருந்துதான். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பதை வைத்துச் சரக்கின் தரத்தைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அவர் பக்கமும் ஒரு புண்ணியம் உண்டு. படத்தை ஒட்டியே பாட்டுக் கேட்டுப் பழகிய நாட்டில், ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை மாற்றாமல் கேட்கிறவர் அவர் ஒருவர்தான். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் தமிழில் ஆல்பம் என்ற வடிவத்துக்கே ஆள் இருக்காது. சிக்கல் என்னவென்றால், பொறுமையைத் தருகிறார், பணத்தைத் தருவதில்லை. மாதச் சம்பளம், பி.எஃப்., தீபாவளி போனஸ், ஓவர்டைம் எல்லாம் தமக்கு உண்டு. பாடகர் மட்டும் கொள்கையைச் சாப்பிட்டு உயிர்வாழ வேண்டும். கேட்பது இலவச யூடியூபில், நடுநடுவே வரும் விளம்பரத்தைத் திட்டிக்கொண்டு. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூருவில் நிகழ்ச்சி என்றால், அத்திப்பள்ளி டிராஃபிக்கை நினைத்தே களைத்துப்போகிறார். ஸ்டுடியோ வாடகையும் டிரம்மர் சம்பளமும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ரசிகர் தராததைத் தயாரிப்பாளர் தருகிறார், அவ்வளவுதான். பாடகர் சினிமாப் பக்கம் போகக் கூடாது என்று சொல்ல இவருக்கு முழு உரிமை உண்டு. அதற்கு முன்பு இவர் ஒரு தடவையாவது டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் போயிருக்க வேண்டும்.