மலையேறிய வீறாப்பு

மலேசியாவின் காப்பாரில் பிறந்து வளர்ந்தவனுக்கு மலை என்பது கேள்வி ஞானமே. அண்ணாந்து பார்க்கும்படியாக எங்கள் ஊரில் இருப்பவை செம்பனை மரங்களும், கடலோரத்து மின் நிலையத்தின் புகைபோக்கிகளும்தான். ஆயினும், தைப்பூசந்தோறும் பத்துமலையின் 272 படிகளையும் நிற்காமல் ஏறுகிறவன் என்ற ஹோதாவில், மலையேற்றத்தில் நமக்கு நிகரில்லை என்றொரு வீறாப்பு என் நெஞ்சில் வெகுகாலமாகக் குடியிருந்தது. அதைக் கையோடு கட்டிக்கொண்டு, பாங்காக் வழியாகப் பூட்டானுக்கு மனைவி சகிதம் பிரயாணமானேன்.

பிரஜைகளின் ஆனந்தத்தையே தேசத்தின் செல்வமாகக் கணக்கிடும் அந்த ராஜ்யத்தில், எங்களைப் போன்ற அந்நியர் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் 100 அமெரிக்க டாலர் செலுத்தவேண்டும் என்று அறிந்தபோது, பிறத்தியார் ஆனந்தத்தைப் பார்ப்பதற்கும் செலவுண்டு என்ற தத்துவம் எனக்கு விளங்கிற்று.

பாரோ பள்ளத்தாக்கின்மேல், கடல் மட்டத்திலிருந்து 3,120 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையில் ஒட்டவைத்தாற்போல் நிற்கும் தக்த்சாங் மடாலயம் 1692-இல் எழுந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே குரு பத்மசம்பவர் பெண்புலியின் முதுகில் பறந்துவந்து அக்குகையில் தியானம் செய்தார் என்பது ஐதீகம். அவர் ஏன் நடந்து வரவில்லை என்பது நாங்கள் ஏறத் தொடங்கிய அரைமணி நேரத்தில் எனக்குத் தெளிவாகிவிட்டது.

"இன்னும் எவ்வளவு தூரம், தம்பி?" என்று முழங்காலளவு 'கோ' அங்கி தரித்த வழிகாட்டியை நான் கேட்கும்போதெல்லாம், "கொஞ்சம்தான் லா" என்றே அவன் பதில் சொன்னான். அவர்களுடைய ஜோங்கா மொழியில் பேச்சின் வாலில் வரும் 'லா' மரியாதைச் சொல்லாம். மூங்கில் கழியூன்றி முன்னே போய்க்கொண்டிருந்த மனைவியோ திரும்பிப் பார்த்து, "ஏங்க, 272 படி ஏறுனவரு இவருதானான்னு யாராச்சும் கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்றாள். அத்துடன் வீறாப்பு மலையேறிற்று. நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

எஞ்சிய மானத்தை மத்தியானப் போஜனத்தில் மீட்கலாம் என்றெண்ணி, "காரம் எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று சமையற்காரரிடம் பெருமையடித்தேன். வந்தது எமா தாட்ஷி: எமா என்றால் மிளகாய், தாட்ஷி என்றால் பாலாடைக்கட்டி. நம் வீட்டில் மிளகாய் காய்கறிக்குச் சுவை கூட்ட வருவது; அங்கே மிளகாயே காய்கறி. எங்கள் ஊர்ச் சிலி பாடி மிளகாயில் தேறிய என் நாக்கு முதற் கவளத்திலேயே தோற்று, கண்கள் தாரைதாரையாய் நீர் வார்த்தன.

இரங்கிய பாட்டி ஒருத்தி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் பாக்கு வைத்து நீட்டினாள். தோட்டத்து லயத்தில் என் பாட்டி நீட்டிய அதே மடிப்பு! வாயிலிட்டதும் காதோரம் வியர்த்தது. "சூடு லா!" என்றேன், என்னையறியாமல்.

வழிகாட்டிக்குச் சந்தோஷம் தாளவில்லை. "எங்கள் மரியாதையை இரண்டே நாளில் கற்றுக்கொண்டீர்களே!" என்றான். அது காப்பார்ச் சாப்பாட்டுக் கடையில் கற்றது என்று சொல்லி, அந்தத் தேசத்து ஆனந்தக் கணக்கில் ஒன்றைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.