அறுபத்தோராவது பிள்ளை

ஓசூர், சூளகிரி, பாகலூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லை உருட்டிக்கொண்டு லைன் வீடுகளை நோட்டம் விட்டபடி போனால் திருடனோ என்று பயப்பட வேண்டாம். கொடியில் அஞ்சு வயசு டிரவுசர் ஏதாவது காய்கிறதா என்று பார்க்கிறார், அவ்வளவுதான். காய்ந்தால் வண்டி நின்றுவிடும். அவர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு அவருக்குத் தூக்கத்திலும் வரும். தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 ஆனால் 3. அஞ்சு வகுப்பை இரண்டு பேர் கட்டி மேய்ப்பது எப்படியென்று மேய்த்தவரைத்தான் கேட்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்குப் போய், மற்றவர் மாணவர் விவரம் ஏற்றும் எமிஸ் தளத்தோடு மல்லுக்கட்டும் நாளில், அஞ்சாம் வகுப்புச் சிறுமிதான் ஒண்ணாம் வகுப்புக்கு டீச்சர். ஆகஸ்ட் 1 அன்று தலை எண்ணும்போது ஒன்று குறைந்தாலும் மூன்றாமவர் 'உபரி'. வேறு பள்ளிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதனால் கல்யாணத்தில் அட்சதை போடும்போதே ஆறு வருஷம் கூட்டிப் பார்க்கிறார். வளைகாப்பு என்றால் முதல் வரிசை. டவுன் பஸ்ஸில் கர்ப்பிணிக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். "அத்திப்பள்ளி." அடடா, கர்நாடகக் கணக்கில் போய்விட்டதே என்று முகம் விழுந்துவிட்டது.

எல்லை ஊர்க்காரருக்குப் பாஷை பஞ்சமில்லை. ஒரு வாசலில் தெலுங்கு, அடுத்த வாசலில் கன்னடம், லைன் வீட்டில் சொந்தத் தயாரிப்பு இந்தி. ஒடிசாவிலிருந்து வந்த அம்மாவிடம் கையை வாய்க்குக் கொண்டுபோய், "சுபஹ் உப்புமா, தோபஹர் அண்டா, சப் ஃப்ரீ" என்று விளக்கினார். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கெல்லாம் வந்ததிலிருந்து இதுதான் அவருடைய முதல் அஸ்திரம். எல்லாம் பொறுமையாகக் கேட்ட அந்த அம்மா சுத்தத் தமிழில் கேட்டாள்: "இங்கிலீஷ் மீடியம் இருக்கா சார்?"

இருக்கிறது. தமிழ் மீடியத்துக்கும் அதற்கும் ஒரே டீச்சர்தான் என்பதை அவர் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவரை வாத்தியார் இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. போன வருஷம் வந்த ஒடியாப் பையன் தீபாவளிக்குள் பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசித்தான். பொங்கலுக்குள் அப்பாவுக்கு வேலை போய்க் குடும்பமே ரயிலேறிவிட்டது. வாத்தியாருக்கு இரட்டை நஷ்டம்: வாசிக்கத் தெரிந்த பிள்ளையும் போச்சு, எண்ணிக்கையும் போச்சு.

சிப்காட் தொழிற்பேட்டை மேல்தான் அவருக்குத் தீராத கோபம். "செல்போன் பாகம் செய்யற ஆலையில ஆயிரக்கணக்கா பொண்ணுங்களை எடுத்தாங்க. எல்லாம் ஹாஸ்டல்! கல்யாணமான ஒருத்தி கண்ணுல படமாட்டேங்கறா."

நேற்று புதிதாக எழும்பும் லைன் வீடு ஒன்றின் முன்னால் பிரேக் போட்டார்.

"ஃபேமிலிக்கா, பேச்சிலருக்கா?"

"பேச்சிலருக்குத்தான் சார். ரூமுக்கு ஆறு பேரு, வாடகை நல்லா வரும்."

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "சரி, சேர்க்கை பேனர் கட்டக் காம்பவுண்டுல இடம் கொடுங்க."

"இங்க பிள்ளைங்களே இருக்காதே சார்?"

"பரவாயில்லை. பசங்க இப்பவே படிச்சு வைக்கட்டும்."