பார்த்துக் குதி

வீட்டிலேயே டிராம்போலின் வித்தைகளைப் பத்திரமாகக் கற்றுக்கொள்வது எப்படி என்று இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். மே மாதம் பிறந்துவிட்டால் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை எந்த அடுக்ககத்திலும் மத்தியானம் கண்ணயர முடிவதில்லை. கத்திரி வெயிலுக்குப் பயந்து பிள்ளைகளை வெளியே விடாத பெற்றோர், கூடத்தில் வட்டமாக ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேலே மூன்று மணிக்கு ஆரம்பிக்கிற தொம் தொம், சீரியல் தொடங்கும் வரை ஓய்வதில்லை. மாடியேறிப் போய்க் கேட்டால், "பசங்க எக்ஸர்சைஸ் பண்றாங்க சார்" என்று பதில் வருகிறது. எக்ஸர்சைஸ்தான், மறுக்கவில்லை. "பாத்துத்தான் குதிக்கிறாங்க" என்று கூடவே ஒன்று சேர்த்துச் சொல்கிறார்களே, அதுதான் செரிக்கவில்லை. நம் வீடுகளில் பார்த்துக் குதிக்க வழியே இல்லை என்பது என் வாதம்.

முதலில் ஃபேனை எடுத்துக்கொள்வோம். கட்டட விதிப்படி குடியிருக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் இருக்க வேண்டும், அதாவது ஒன்பதடி. குறைந்தது என்று போட்டிருந்தால் அதையே அதிகபட்சமாகப் படிக்கிறவர்கள் நம் புறநகர் பில்டர்கள். அந்த ஒன்பதில் ஓரடி, ஃபேன் தொங்கும் கம்பிக்குப் போய்விடும். நாலரை அடிப் பையன் கையைத் தூக்கினால் ஐந்தே முக்கால். டிராம்போலினின் உயரம் முக்கால் அடி. ஆக, குதிக்க மிச்சம் ஒன்றரை அடி. ஒலிம்பிக் வீரர்கள் எட்டு மீட்டர் வரை எழும்புகிறார்கள். அந்தக் குதியை நம் தரைத்தளத்தில் போட்டால் இரண்டாம் மாடிக்காரர் சமையலறை எட்டிவிடும். ஃபேனை நிறுத்திவிட்டுக் குதிக்கலாமே என்பீர்கள். மே மாதம், ஆவடியில், ஃபேனை? அதற்கு நேர் கீழே பாய் விரித்திருக்கும் பாட்டியிடம் யார் போய்ச் சொல்வது? ரெகுலேட்டரை ஒன்றில் வைத்துக் குதிக்கச் சொல்லும் சமரசவாதிகளும் உண்டு. மெதுவாகச் சுற்றும் இறக்கை மெதுவாக வெட்டும் என்பது அவர்கள் கணக்கு. சரி, ஃபேன் இல்லாத மூலைக்கு நகர்த்தலாம் என்றால் மூலையில் இன்வெர்ட்டர் இருக்கும். இன்வெர்ட்டரை நகர்த்தினால் ஷூ ரேக், ஷூ ரேக்கை நகர்த்தினால் வாசல் கதவு திறக்காது. ஷோகேஸ் பக்கம் போகவே முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் பெண்ணின் பரதநாட்டியக் கேடயங்கள், மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சிங்கம், எதற்கென்றே தெரியாத ஒரு தாஜ்மகால். படுக்கையறையில் ஏசி இருக்கிறது, ஃபேனை நிறுத்தலாம். ஆனால் அங்கே கட்டிலைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. கட்டிலிலேயே குதிக்கலாம் என்றால், அதற்கு அடி விழும்.

வீட்டுக்குள் வேண்டாம், மொட்டை மாடிக்குக் கொண்டுபோகிறோம் என்கிறார்கள். மாடிக் கைப்பிடிச் சுவர் மூன்றரை அடி. பெரிய டிராம்போலினின் விரிப்போ தரையிலிருந்து சுமார் மூன்றடி உயரத்தில் இருக்கிறது. அதன்மேல் நிற்கிறவனுக்குச் சுவர் அரையடிதான். கணுக்காலைக் காப்பாற்றும், மற்ற உறுப்புகளைப் பற்றி உறுதி கூற முடியாது. சரி, தரையிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றால், அரை கிரவுண்டில் வீட்டையும் கட்டி ஸ்கூட்டியையும் நிறுத்திய பிறகு மிஞ்சுவது சம்ப் மூடியும் போர் மோட்டாரும்.

இந்தச் சாமான் பிறந்த கதையே தலைகீழானது. அமெரிக்காவில் அயோவாவைச் சேர்ந்த ஜார்ஜ் நிஸ்ஸன் என்ற பையன், சர்க்கஸ் பார் விளையாட்டுக்காரர்கள் ஆடி முடித்துக் கீழே கட்டிய வலையில் விழுந்து எழும்புவதைப் பார்த்தான். அதிலிருந்து பிடித்துக்கொண்டு 1930களில் தன் பயிற்சியாளர் லாரி கிரிஸ்வோல்டுடன் சேர்ந்து இதைச் செய்தான். பின்னாளில் விளம்பரத்துக்காக ஒரு கங்காருவை வாடகைக்குப் பிடித்து அதனுடன் சேர்ந்து குதித்த மனிதர் அவர். ஆக, விழுகிறவனைக் காப்பாற்றக் கட்டிய வலையிலிருந்து வந்த சாமானுக்கு, விழாமலிருக்க இன்று சுற்றிலும் இன்னொரு வலை கட்ட வேண்டியிருக்கிறது. வலை இருக்கிறதே, அப்புறம் என்ன பயம் என்பவர்களுக்கு: அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, வலையும் மெத்தையும் வந்ததால் காயங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை என்கிறது. முக்கால்வாசிக் காயங்கள் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் குதித்ததால் வந்தவை. கனத்த அண்ணன் இறங்கும்போது விரிப்பில் சேரும் வேகமெல்லாம் பக்கத்தில் நிற்கும் தம்பிக்குப் போய்விடும். அண்ணன் குதிப்பான், தம்பி பறப்பான். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை காயங்கள் நடந்திருக்கின்றன. அங்கே பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். நம் ஊரில் மேற்பார்வை என்பது, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே சமையலறையிலிருந்து திரும்பாமல் "பாத்துடா" என்று போடும் குரல். வீட்டில் குட்டிக்கரணம் அடிக்கவே கூடாது என்பதும் அதே சங்கத்தின் அறிவுரைதான். கரணம் கூடாது, இருவர் கூடாது என்றால் மிச்சம் என்ன? ஒற்றை ஆளாக நின்ற இடத்தில் எழும்பி விழுவது. ஆவடி–பூந்தமல்லி சாலையில் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் அது தானாக நடக்கிறது. அர்ஜுன் டாங்கிக்குக் குலுங்காத சஸ்பென்ஷன் செய்துகொடுத்த ஊர் ஆவடி என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் அகர்தலாவில் பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களில் செய்த பலகையிலிருந்து பழகித்தானே 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார் என்று ஒரு கேள்வி வரும். வந்தார். கூடவே பல வருஷம் பயிற்சியாளர் இருந்தார், தலைக்கு மேலே ஃபேன் இருந்ததாகத் தகவல் இல்லை. விழுப்புரத்தில் மல்லர் கம்பம் ஏறும் பிள்ளைகளுக்கும் கீழே மெத்தையும் பக்கத்தில் வாத்தியாரும் உண்டு. நம் பிள்ளைக்கு வாத்தியார், பத்து நிமிஷத்தில் பேக்ஃப்ளிப் கற்றுத்தரும் வீடியோ. பையன் விழுந்தால் அது விளம்பரத்துக்குப் போய்விடும்.

கரணம் வேண்டாம், உட்கார்ந்த வாக்கில் விழுந்து எழும்புவது எப்படி என்றாவது சொல்லுங்கள் என்கிறீர்கள். சொல்லத்தான் வந்தேன். ஆனால் ஜூனில் பள்ளி திறந்துவிடும். அதற்குள் விரிப்பில் கூழ் வற்றல் ஊற்றியாகிவிடும். கண்ணறை உள்ள துணி, அடியிலும் காற்றோடும், வற்றல் அருமையாகக் காயும். மழைக்காலம் வந்தால் காலைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டியதுதான். அங்கே ஏற்கெனவே இருக்கிற தொப்பை குறைக்கும் சக்கரத்தைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் இடம் இருக்கும். நகர்த்துவதை மட்டும் மூன்று மணிக்குச் செய்யாதீர்கள். கீழ்வீட்டில் ஆள் தூங்குகிறது.