ஜாம் போத்தல் விளக்கும் மூன்று மணித்தியாலமும்

1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சை வைத்து, துளி மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் திரி கட்டிக் கொளுத்திப் படித்தோம். செய்தி நேரம் வந்தால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார். டைனமோவில் ரேடியோ பேசும்.

பிறகு நோர்வேயின் லில்லெஸ்ட்ரோமுக்கு வந்தால், இங்கே குளியலறைத் தரையைக்கூடக் கரண்டில் சூடாக்கினார்கள். ஆற்று நீரில் பிறந்த மின்சாரம் அவ்வளவு மலிவு. அணைக்கச் சொல்ல ஆளில்லை.

2021 பனிக்காலத்தில் விலை எகிறியது. 2022 ஜூலை 1 முதல் மின்கம்பிக் கட்டணமும் மாறியது. வெவ்வேறு மூன்று நாள்களில் ஒரு வீடு அதிகம் இழுத்த மூன்று மணித்தியாலங்களின் சராசரிதான் இப்போது மாதக் கட்டணப் படியைத் தீர்மானிக்கிறது. இங்கே கம்பி எல்வியா நிறுவனத்தினுடையது. அதைக் கண்காணிப்பது ஆர்.எம்.ஈ என்ற ஒழுங்குமுறை ஆணையம். பிள்ளையின் பிறந்தநாளன்று ஓவனில் கேக், இரண்டு அடுப்பில் சோறும் கறியும், துணி மெஷின், வெளியே சார்ஜில் கார். இப்படி மூன்று நாள் அமைந்து, சராசரி 5 கிலோவாட்டைத் தாண்டினால் அடுத்த படி.

விதியின் நோக்கம் நியாயமானது. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் புதுக் கம்பி போட வேண்டும். அந்தச் செலவு எல்லோர் தலையிலும் விழும். ஆனால் கார் சார்ஜை நடுராத்திரிக்குத் தள்ளச் சொந்த வீட்டுக்காரரால் முடியும். கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவர் குளிரை எந்த நேரத்துக்குத் தள்ளுவார்? ஓட்டை யன்னலை மாற்றுவதும் ஹீட் பம்ப் பூட்டுவதும் வீட்டுக்காரர் கையில்.

மின்விலைக்கான அரசின் உதவியும் யூனிட் கணக்கில்தான், மாதம் 5,000 யூனிட் வரை. 500 யூனிட் எரிக்கும் ஃபிளாட்டுக்கு ஒரு பங்கென்றால் 5,000 எரிக்கும் வில்லாவுக்குப் பத்துப் பங்கு. 2025 அக்டோபரில் வந்த ‘நோர்வே விலை’ என்ற திட்டத்தில் யூனிட் வரியோடு 50 ஓரே (அரைக் குரோனர்), எந்த நேரத்தில் எரித்தாலும் அதே விலை. சிக்கனத்துக்கு இது ஊக்கமல்ல.

விதி நல்லதும் செய்யும். 2023 அக்டோபர் முதல் அடுக்குமாடிக் குடும்பங்கள் தங்கள் கூரைச் சூரிய மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். வாடகைக்காரருக்கும் அப்படியொரு வழி வேண்டும்.

விதியை மாற்றுமுன் ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது; யாரும் எழுதலாம். நம் தமிழ்ச் சங்கங்கள் அடுத்த முறை கட்டாயம் எழுதட்டும்.