மேல் நோக்கிய மரம், கீழ் நோக்கிய கிணறு, குனிந்த ஆள்

ஸ்ரீரங்கத்திலிருந்து போய் வர்ஜீனியாவில் வீடு வாங்கிய நம்மவர்கள், அங்கே பழைய தோட்ட மாளிகைகளைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அடிமையை அசையாச் சொத்தாக்கி, வாரிசுக்கு நிலம்போலவே இறங்கும்படி 1705-இல் சட்டம் போட்ட ஊர் அது. "மனுஷாளைப் போய் உயில்ல எழுதினானே, பாவி!" என்று உச்சுக்கொட்டுகிறார்கள். பாவிதான். தாத்தா மட்டும் என்னவாம்?

நம்மூர்க் கிரயப் பத்திரத்தில் மாவிடை மரவிடை, மேல் நோக்கிய மரம், கீழ் நோக்கிய கிணறு என்று ஒன்று விடாமல் வரும். காவிரிப் பாசன நஞ்சையில் இன்னொரு ஐட்டமும் இருந்தது: பள்ளர், பறையர். வயல் கைமாறினால் ஆளும் கைமாறினான். மிராசுதார் பிள்ளைக்கு நிலம் பரம்பரை. அடிமை பிள்ளைக்குச் சேறு பரம்பரை.

1819-இல் சென்னை வருவாய் வாரியம் இது பற்றிக் கலெக்டர்களைக் கேட்டது. திருச்சி கலெக்டர் லஷிங்டன் துரைக்கு மனசு வலித்ததாம். ஆனால் நஞ்சை மிராசுதார்களில் பிராமணர் அதிகம், அவர்கள் ஏர் பிடிக்க மாட்டார்கள், அடிமை போனால் கிழக்கிந்தியக் கும்பினியின் வரியும் போகும் என்பது அவர் வாதம். ஆகா! ஏர் தொட்டால் தீட்டு. ஏர் விளைத்த நெல்லுக்குத் தீட்டில்லை. (பிள்ளைமாரும் முதலியாரும் சிரிக்க வேண்டாம். உங்கள் களத்து நெல்லும் அப்படி வந்ததுதான்.)

1833-இல் பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமைகளை விடுவிக்கச் சட்டம் போட்டு, 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. அடிமைக்கு இல்லை ஐயா, எஜமானுக்கு! அந்தச் சட்டத்திலும் கும்பினி இந்தியாவுக்கு விலக்கு. 1843-இல் வந்த சட்டமோ, அடிமை மீதான உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்றது. ஆளை வாங்கி விற்பது குற்றமாக 1862 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே எந்த மிராசுதாருக்கும் நஷ்டஈடு தரவில்லை. நஷ்டம் இருந்தால்தானே? நிலம் இவர் பெயரில், கடன் அவன் தலையில். 1843-க்கு 133 வருஷம் கழித்து, 1976-இல், கொத்தடிமை ஒழிப்பு என்று மறுபடி சட்டம் போட வேண்டி வந்தது.

விடுதலை கிடைத்தவனுக்கு ஒரு குழி நிலம் கொடுத்தார்களா? இந்தச் சட்டங்கள் எதிலும் அந்த வரி இல்லை.

பாகப்பிரிவினைக்கு இரும்புப் பெட்டியைத் திறக்கும் பேரன்மார்களே, உள்ளே அடிமை ஓலை கிடந்தால் கொளுத்திவிடாதீர்கள். ஆவணக் காப்பகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். நிலத்துக்கு வாரிசு என்று கையெழுத்துப் போட்டவர், அதற்கும் வாரிசுதான்.